வலிக்கிற நேரத்தில் காதில் எதை மாட்டுவது?

அம்மாவின் வலது முழங்காலை மாற்றிய மறுநாள், காலை பத்து மணிக்கு பிசியோதெரபிஸ்ட் வந்தார். "அம்மா, இன்னும் கொஞ்சம் மடக்குங்க, இன்னும் கொஞ்சம்" என்று அவர் சொல்லச் சொல்ல, கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் வெளுத்துப்போயின. வலி மருந்து நேரத்துக்குப் போயிருந்தது. இருந்தும் அந்தப் பத்து நிமிடத்தை அவரால் தாங்க முடியவில்லை. அன்று மாலை நான் பெரிதாக யோசிக்காமல் போனில் ஒரு பாட்டைப் போட்டு இயர்போனை அவர் காதில் வைத்தேன். பல்லவி முடிவதற்குள் விளம்பரம் வந்து கத்தியது. அம்மா இயர்போனைப் பிடுங்கி என் மடியில் போட்டார்.

அடுத்த நாள் தங்கை பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அம்மாவிடமே கேட்டு பன்னிரண்டு பாட்டுகளை இறக்கி வைத்தாள். பிசியோ வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே போட்டுவிட்டாள். முடிந்ததும் சிஸ்டர் வழக்கம்போல் "பத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டார். முந்தின நாள் எட்டு சொன்ன அம்மா அன்று ஆறு என்றார். அதிசயம் என்று இதைச் சொல்லமாட்டேன். ஆபரேஷன் ஆகி ஒரு நாள் கூடியதால்கூடக் குறைந்திருக்கலாம்.

இப்போது இடது காலுக்கும் தேதி குறித்தாகிவிட்டது. இந்த முறை முன்கூட்டியே ஏற்பாடு செய்வோம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டதுதான் தாமதம், ஐந்து பேர் ஐந்து வழி சொன்னார்கள். தங்கை, போன தடவை மாதிரியே அம்மாவுக்குப் பிடித்த பாட்டு என்றாள். சித்தப்பா, சுருதியைச் சற்று இறக்கிய '432 ஹெர்ட்ஸ்' இசை என்று ஒரு மூன்று மணி நேர யூடியூப் இணைப்பை அனுப்பினார். மாமா, முறையாகப் படித்த இசை சிகிச்சையாளரை வரவழைக்கலாம் என்றார். மயக்கவியல் படிக்கும் தங்கை மகன், பாட்டைவிடப் பேச்சு நல்லது, ஆறுதலாகப் பேசிப் பதிவு செய்த ஒலி நல்ல பலன் தருகிறது என்றான். அம்மா மட்டும், "எதுவும் வேண்டாம், அந்த வார்டு சத்தம் கேக்காம இருந்தாலே போதும்" என்றார்.

ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முன் ஒன்று. இவை எல்லாமே தொட்டுக்கொள்ளத்தான். சோறு, மருத்துவர் எழுதிக்கொடுக்கும் வலி மருந்துதான். பாட்டு கேட்கிறோமே என்று மருந்தைத் தள்ளிப்போடுவதில் புத்திசாலித்தனம் ஏதும் இல்லை. அப்புறம், திடீரென்று கூடும் வலி ஒரு எச்சரிக்கையாகவும் இருக்கலாம். மாவுக்கட்டு போட்ட கையோ காலோ மருந்துக்கும் அடங்காமல் வலித்தால் உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடலாம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைச்சதை வீங்கி வலித்தால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

சத்தத்தால் வலியைக் குறைக்கும் முயற்சி புதிதல்ல. 1960இல் வாலஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், லிக்லைடர் என்ற உளவியலாளருடன் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாற்காலியில் உட்காரும் நோயாளிக்கு ஹெட்போனும் கையில் ஒரு சிறு பெட்டியும் தருவார்கள். சாதாரண நேரத்தில் இசை ஓடும். டிரில் வலிக்கத் தொடங்கியதும் நோயாளியே திருகி, அருவி கொட்டுவது போன்ற இரைச்சலைக் கூட்டிக்கொள்ளலாம். ஆயிரம் பேரிடம் சோதித்ததில் பெரும்பாலோருக்கு ஊசியே தேவைப்படவில்லை என்றார்கள். பல் மருத்துவர்கள் பலர் இந்தக் கருவியை வாங்கினார்கள். 1963இல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதைப் பரிசோதித்தார்கள். ஐஸ் தண்ணீரில் கையை வைத்தவர்களுக்கு வெறும் சத்தம் கொடுத்தபோது பெரிய பலன் இல்லை. "இது வலியைக் குறைக்கும்" என்ற பேச்சை மட்டும் கொடுத்தபோதும் இல்லை. சத்தத்தையும் பேச்சையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் கையை அதிக நேரம் வைத்திருந்தார்கள்.

இதே மெல்சாக்தான் 1965இல் பேட்ரிக் வாலுடன் சேர்ந்து 'வாயில்' கோட்பாட்டை முன்வைத்தவர். காயத்திலிருந்து கிளம்பும் செய்தி மூளைக்கு அப்படியே போய்ச் சேருவதில்லை. தண்டுவடத்தில் கதவு மாதிரி ஒன்று இருக்கிறது, மூளை மேலிருந்து அதைச் சற்றுச் சாத்தவும் திறக்கவும் செய்கிறது என்பது சுருக்கம். பயந்தால் திறக்கும், மனம் வேறெங்காவது போனால் சாத்தும். அந்தப் பல் மருத்துவரின் பெட்டியிலிருந்து இரண்டு விஷயங்களை நான் எடுத்துக்கொண்டேன்: திருகு நோயாளி கையில் இருந்தது, கூடவே யாரோ நம்பிக்கையாகப் பேசினார்கள்.

சரி, தங்கையின் யோசனைக்கு வருவோம். பிடித்த பாட்டு. இருப்பதில் மலிவானது இதுதான், அதிகம் ஆராயப்பட்டதும் இதுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டுத் தொகுப்பு 51 ஆய்வுகளைப் பார்த்தது. பத்துக்கு அரைப் புள்ளி வலி குறைகிறது, முதல் 24 மணி நேரத்தில் மார்பின் தேவை சுமார் 15 சதவீதம் குறைகிறது என்று அடக்கமாகச் சொன்னது. பிறகு 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த தொகுப்பு 73 சோதனைகளையும் கிட்டத்தட்ட 7,000 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. அதில் பலன் இன்னும் பெரிதாகவே தெரிந்தது. வலி, பதற்றம், மருந்துத் தேவை மூன்றும் குறைந்தன. வீடு திரும்பும் நாள் மட்டும் முன்னதாக வரவில்லை. ஆபரேஷனுக்கு முன்போ, நடுவிலோ, பிறகோ எப்போது கேட்டாலும் பலன் இருந்தது. என்ன வகை இசை என்பதும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சித்தப்பாவுக்குத் தனியாக அனுப்பினேன். இந்த ராகம் பிரஷருக்கு, அந்த ராகம் மூட்டுவலிக்கு என்று மருந்துச் சீட்டு மாதிரி ஒரு பட்டியல் பல வருடமாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீலாம்பரியில் பாடினால் குழந்தை தூங்கும் என்பது நம் வீடுகளில் பழகிய நம்பிக்கை. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு ராகத்துக்கு ஒரு நோய் என்று பொருத்திக் காட்டும் அளவுக்கு ஆதாரம் இல்லை. எலிகள்கூட இந்த விஷயத்தில் ரசனை காட்டவில்லை. 2022இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பாதத்தில் வீக்கம் உண்டாக்கிய எலிகளுக்கு இனிய இசை, அதையே அபஸ்வரமாகக் குலைத்த இசை, வெறும் இரைச்சல் மூன்றையும் கொடுத்தார்கள். மூன்றிலும் வலி குறைந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: அறையின் சத்தத்தைவிட 5 டெசிபல் மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த மெல்லிய சத்தம், கேட்கும் மூளைப் பகுதியிலிருந்து, உணர்வுச் செய்திகள் கடந்துபோகும் தலாமஸ் என்ற மூளைப் பகுதிக்குப் போகும் சைகையைத் தணிக்கிறது என்று கண்டார்கள். எலிக்கு நடப்பது நமக்கும் நடக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனாலும் காது கிழிய வைத்தால்தான் வலி மறக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

அப்படியானால் அம்மாவுக்குப் பிடித்ததுதான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்? காரணம் சாதாரணமானது. பிடிக்காததை யாரும் இருபது நிமிடம் காதில் வைத்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, கட்டுப்பாடு. வார்டில் நோயாளி கையில் எதுவுமே இல்லை. எப்போது சாப்பாடு, எப்போது ஊசி, எப்போது யார் வந்து துணியை விலக்கிப் பார்ப்பார்கள் எல்லாமே அடுத்தவர் முடிவு. 2013இல் அமெரிக்காவில் ஐசியூவில் வென்டிலேட்டரில் இருந்த 373 பேரிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். ஒரு குழுவிடம் அவர்களுக்குப் பிடித்த இசையையும் ஹெட்போனையும் கொடுத்து, வேண்டும்போது நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களுக்குப் பதற்றமும் குறைந்தது, மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அளந்தது பதற்றத்தைத்தான், வலியை அல்ல. ஆனால் வார்டில் ஒரு ராத்திரி படுத்தவர்களுக்கு, இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

இசை ஆய்வுகளில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. காதில் பாட்டு ஓடுகிறது என்பது நோயாளிக்குத் தெரியும். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்றோ, நம்பிக்கையிலோ ஒரு புள்ளி குறைத்துச் சொல்லலாம். மாத்திரையில் டம்மி கொடுக்கலாம், பாட்டில் எப்படிக் கொடுப்பது?

ஜெர்மானியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தங்கை மகன் சொன்ன பேச்சு அதுதான். 2020இல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஐந்து மருத்துவமனைகளில் முழு மயக்கத்தில் ஆபரேஷன் செய்யப்பட்ட 385 பேர் சேர்ந்தார்கள். எல்லோர் காதிலும் இயர்போன். பாதிப் பேருக்கு மெல்லிய பின்னணி இசையோடு, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள், நன்றாகக் கவனித்துக்கொள்ளப்படுகிறீர்கள் என்கிற தொனியில், மனவசியச் சிகிச்சை முறையில் எழுதப்பட்ட பேச்சு: 20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் அமைதி, திரும்பவும் பேச்சு. மற்றவர்களுக்கு எந்தச் சத்தமும் இல்லாத வெற்றுப் பதிவு. மயக்கத்தில் இருப்பவருக்குத் தன் காதில் என்ன ஓடியது என்று தெரியாது. சுற்றி இருந்தவர்களுக்கும் தெரியாது. முதல் 24 மணி நேரத்தில் ஓபியாய்டு, அதாவது மார்பின் வகை வலி மருந்து தேவைப்பட்டவர்கள், வெற்றுப் பதிவு ஓடியவர்களில் 80 சதவீதம், பேச்சு கேட்டவர்களில் 63 சதவீதம். என் நெருடலைப் பெரிதும் போக்கிய ஆய்வு இது.

விழித்திருப்பவர்களிடமும் பேச்சு வேலை செய்கிறது. 2000ஆம் ஆண்டு எல்விரா லாங் என்ற மருத்துவரின் குழுவினர் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், தோல் வழியாக இரத்தக்குழாய்க்குள்ளோ சிறுநீரகத்துக்குள்ளோ கருவி விட்டுச் செய்யும் சிகிச்சைகளுக்கு வந்த 241 பேர் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு நேரம் ஆக ஆக வலி ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் ஒருவர் இருந்து, மனம் தளர்வதற்கான வாசகங்களைப் படித்துக் காட்டிய குழுவில் வலி ஏறாமல் ஒரே மட்டத்தில் நின்றது. இதே லாங் பின்னர் இன்னொன்றையும் கவனித்தார்: "இப்போ வலிக்கும், எரியும்" என்று எச்சரிப்பது வலியையும் பதற்றத்தையும் கூட்டத்தான் செய்தது; பிறகு "பாவம், ரொம்ப வலிச்சிருக்கும்" என்று அனுதாபப்படுவது வலியைக் கூட்டவில்லை, ஆனால் பதற்றத்தைக் கூட்டியது. நம் ஊர் சிஸ்டர்கள் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்களே, அதை இனி எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆதாரத்தை மட்டும் பார்த்தால் பேச்சு, பாட்டுக்குச் சளைத்ததல்ல. ஆபரேஷன் நேரத்துக்கு ஒரு படி மேல் என்றே சொல்வேன். தடை மொழியில்தான். அந்தப் பதிவு ஜெர்மனில் இருக்கிறது. அம்மாவிடம் ஆங்கிலத்தில் "ரிலாக்ஸ்" என்று ஒரு ஆள் குழைந்தால் அவர் கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார். செய்தித் தமிழில் "தங்கள் தசைகள் தளர்கின்றன" என்றாலும் அதே பார்வைதான். தங்கை தன் குரலில் பதிவு செய்யலாம் என்கிறாள். செய்யட்டும், அதில் கெடுதல் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் ஓடியது பயிற்சி பெற்றவர்கள் சொல்லுக்குச் சொல் யோசித்து எழுதியது. "வலி இல்லை, பயம் இல்லை" என்று நாம் வீட்டில் பதிவு செய்தால் காதில் விழும் சொற்கள் வலியும் பயமும்தான். மூச்சு, பாதுகாப்பு, பழகிய இடம் என்று பேசினால் போதும். எங்கள் ஊர்க் குளத்தங்கரையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறேன்.

மாமா சொன்ன இசை சிகிச்சையாளர் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வரவேற்பறையில் ஒருவர் வீணை வாசிப்பது நல்ல காரியம்தான், ஆனால் அது இசை சிகிச்சை ஆகாது. சிகிச்சையாளர் நோயாளியின் மூச்சைப் பார்க்கிறார், அதன் வேகத்தில் தொடங்குகிறார், பிறகு மெதுவாகத் தன் தாளத்துக்கு இழுக்கிறார். வலி ஏறும் நொடியில் பாட வைக்கிறார், தட்ட வைக்கிறார். ஒலிப்பதிவால் இதைச் செய்ய முடியாது. இது பளிச்சென்று தெரியும் இடம் தீக்காய வார்டு. அங்கே தினசரி டிரெஸ்ஸிங் மாற்றுவது தீக்காயத்தை விடக் கொடுமை என்பார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 2010இல் வெளியான ஆய்வில் 29 நோயாளிகளுக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது சிகிச்சையாளர் கூடவே இருந்து இப்படிச் செய்தார். அவர் இருந்த நாட்களில் வலியும் பதற்றமும் தசை இறுக்கமும் குறைவாக இருந்தன. சிறிய ஆய்வுதான். என் வீட்டில் யாருக்காவது தீக்காயம் என்றால், எவ்வளவு அலைந்தாலும் முதலில் இதைத்தான் தேடுவேன். முழங்காலுக்கு, தினமும் பத்து நிமிடம், பிசியோ எப்போது வருவார் என்றே உறுதியில்லாத வார்டில், வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைப்பது எங்களுக்குச் சரிப்படாது.

சித்தப்பாவின் 432 ஹெர்ட்ஸைச் சீக்கிரமே முடித்துவிடலாம். பாட்டின் சுருதியைச் சற்று இறக்கினால் அது மருந்தாகிவிடும் என்பதற்கு நம்பும்படியான காரணம் இல்லை. இதன் பங்காளி 'பைனாரல் பீட்ஸ்': இரண்டு காதிலும் சற்றே வேறுபட்ட அதிர்வெண் கொடுத்தால், அந்த வித்தியாசத்தை மூளை ஒரு துடிப்பாகக் கேட்கும். அது கேட்பது உண்மை; 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிக் டோவே என்ற இயற்பியலாளர் கண்டது. 2005இல் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களின் பதற்றத்தை இது 26 சதவீதம் குறைத்தது, துடிப்பு இல்லாத அதே ஒலி 11 சதவீதம்தான் குறைத்தது என்று ஓர் ஆய்வு வந்தது. காத்திருக்கும் நேரத்துக்கு முயன்று பார்க்கலாம். வலிக்கு என்றால் இதற்கு முன் முயல வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஸ்டீரியோ ஹெட்போன் இல்லாமல் அறைக்குள் ஸ்பீக்கரில் ஓடவிட்டால் அந்த விளைவு முழுதாகக் கிடைக்காது. சித்தப்பா அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் யோசனையை எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். எனக்கு அதுதான் மனதில் நின்றது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அது வெளியே போகும் ஹார்னுக்கு. உள்ளே இருக்கும் டிபன் கேரியருக்கும், அலறும் ரிங்டோனுக்கும், டிரிப் பம்பின் கீச்சுக்கும், பக்கத்துப் பெட்டைப் பார்க்க வந்த ஒன்பது பேருக்கும் விதி ஏது? தூங்காதவருக்கு வலி கூடுதலாகத் தெரியும். இரவுக்குப் பாட்டைவிட இருபது, முப்பது ரூபாய் காதடைப்பான் மேல். ஒரு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கிறது, பஞ்சைவிட நன்றாகவே தடுக்கிறது. காது கேட்கும் கருவி வைத்திருப்பவருக்கும், ஆபரேஷனுக்குப் பின் இடம் காலம் தெரியாமல் குழம்பும் முதியவருக்கும் மட்டும் வேண்டாம். ஏற்கனவே குழம்பியவருக்கு உலகம் இன்னும் தூரமாகிவிடும்.

ஆக, எல்லா நேரத்துக்கும் ஒன்றே போதும் என்று தேடியதில்தான் எங்கள் விவாதம் சுற்றிச் சுற்றி வந்தது. நாளைப் பிரித்துப் போட்டதும் பாதிச் சண்டை தீர்ந்தது. அம்மாவுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துதான் ஆபரேஷன். வலி தெரியாது, காது திறந்திருக்கும். ரம்பமும் சுத்தியலும் அப்படியே கேட்கும். போன முறை வெளியே வந்ததும், "தச்சுப் பட்டறைக்குள்ள படுத்திருந்த மாதிரி இருந்துச்சு" என்றார். இந்த முறை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டாகிவிட்டது: ஒரு காதில் மட்டும், சத்தம் அளவாக, தான் பேசுவது அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுமதித்தார். அங்கே தங்கையின் குளத்தங்கரைப் பதிவும் நடுவில் பாட்டும். பிசியோ நேரத்துக்கு, தாளம் உள்ள பாட்டுகள் மட்டும், அதுவும் கால் மணி நேரம் முன்பிருந்தே. வலி உச்சியில் இருக்கும்போது போட்டால் பாட்டும் வலியோடு ஒட்டிக்கொண்டு அப்புறம் அந்தப் பாட்டே பிடிக்காமல் போகும். இரவுக்குக் காதடைப்பான்.

நகைச்சுவைத் தொகுப்பு போடலாமே என்று தங்கை மகள் கேட்டாள். முழங்காலுக்குத் தாராளமாகப் போடலாம். வயிற்றில் தையல் போட்டவருக்குப் போட்டுவிடாதே, சிரித்தால் உயிர் போகும் என்றேன்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் போன முறை எங்களைக் கவிழ்த்தவை. எல்லாவற்றையும் இறக்கி வைத்து, போனை விமானப் பயன்முறையில் போட வேண்டும்; விளம்பரமும் வராது, பெரியம்மாவின் அழைப்பும் வராது. காதுக்குள் சொருகுவதைவிடக் காதை மூடும் ஹெட்போன் நல்லது, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், துடைப்பதும் எளிது. வார்டில் இன்னொருவருக்குக் கொடுத்தால் துடைத்துத்தான் வாங்க வேண்டும். ஒயர் டிரிப் குழாயோடு பின்னிக்கொள்ளாமல் மறுபக்கமாக விட வேண்டும். சாதாரணக் குரலில் "அம்மா" என்று கூப்பிட்டால் அவர் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் சத்தம் அதிகம். எம்ஆர்ஐ அறைக்குள் நம் ஹெட்போனைக் கொண்டுபோகவே கூடாது.

நேற்று இரவு பாட்டுப் பட்டியலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் மூன்றை அடிக்கச் சொன்னார். "அது மூணும் உன் பாட்டு, என் பாட்டு இல்ல." அடித்துவிட்டேன்.